கன்னியாவின் வெந்நீரும் எம் வீட்டு அடுப்பும்

புரட்டாதி பிறந்துவிட்டால் திருகோணமலையில் கச்சான் காற்றின் வேகம் தணியத் தொடங்கும். அத்தகைய நாளொன்றில், கனடாவில் ரொறன்ரோ நகரில் வாழும் எம் தமையனார் தொலைபேசியிற் பேசினார். குளிர்காலத்துக்கு வீட்டை ஆயத்தஞ் செய்யும் வேலை அங்கே ஆரம்பமாகிவிட்டதாம். நிலவறையிலுள்ள வெப்பமூட்டும் உலையைப் பரிசோதிக்க ஆள் வரவேண்டும். அதன் காற்று வடிகட்டியை மாற்றவேண்டும். சாளர இடுக்குகளை அடைக்கவேண்டும். நச்சுவாயு கசிந்தால் ஒலியெழுப்பும் கருவியையும் சோதிக்கவேண்டும். "உனக்கென்ன தம்பி, அங்கே இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை" என்று சிரித்தார்.

நாமும் சிரித்தோம். ஆயினும் அது முற்றும் உண்மையன்று என்பதை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எம் தாயார் நினைவூட்டினார். அவருடைய முழங்கால் வலிக்கு இதமாக இருக்குமென்று அன்று அவரைக் கன்னியாவுக்கு அழைத்துச் சென்றிருந்தோம்.

நகரிலிருந்து அனுராதபுரம் செல்லும் வீதியில், ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவில் உள்ளது கன்னியா. ஆழமில்லாத ஏழு சிறு கிணறுகள் அருகருகே அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் சூடும் சிறிது வேறுபடுவதைக் கையை இட்டு அறியலாம். இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்வதற்காக நிலத்தை ஏழிடத்திற் குத்த, அங்கே நீர் பெருகியது என்பது ஐதிகம். மழைநீர் பாறைப் பிளவுகளினூடே வெகு ஆழம் இறங்கி, நிலத்தின் உள்வெப்பத்தாற் சூடேறி மீண்டும் மேலெழுகின்றது என்பது விஞ்ஞானிகளின் விளக்கம். எரிமலை இல்லாத எமது நாட்டில் இவ்வாறே வெந்நீர் சுரக்கின்றது.

இரண்டு வாளி வார்த்துக்கொண்ட பின் தாயார் சொன்னார்: "இந்தத் தண்ணிக்கு விறகு வேண்டாம். எங்கட அடுப்புக்கு வேணும் தம்பி. மாரி வருகுது."

திரும்பும் வழியில் உட்துறைமுகக் கரையிற் சற்று நின்றோம். சுற்றிலும் குன்றுகள் காக்க, நீர் அசைவற்றுக் கிடந்தது. பாய்க்கப்பற் காலத்தில் சோழமண்டலக் கரையிலே வாடைக் காற்றுக்குத் தப்பி நிற்கத்தக்க துறைமுகம் இல்லை; ஐப்பசி வந்ததும் கப்பல்கள் அக்கரையை விட்டு விலகவேண்டியிருந்தது. ஐரோப்பியர் இத்துறைமுகத்துக்காகப் போரிட்டமைக்கு அதுவும் ஒரு காரணம். சீனன்குடாவில், ஆங்கிலேயர் தம் கப்பல்களுக்கு எண்ணெய் சேமிக்க அமைத்த பெருந்தாங்கிகள் இன்றும் நிற்கின்றன. மாரிக்கு ஒதுங்கிடமும் எரிபொருளும் முன்கூட்டியே தேடவேண்டும் என்பதைப் பேரரசுகளும் அறிந்திருந்தன. நாமோ அதனை ஒருமுறை மறந்திருந்தோம்.

எமது ஊரின் குளிர் வெப்பமானியில் தெரிவதில்லை. மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால் ஆண்டின் மழையிற் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாதங்களிலேயே கொட்டிவிடுகின்றது. தரை ஈரம், சுவர் ஈரம், உடுத்த துணியும் ஈரம். அதன்மேல் வாடை வீசினால் முதியோர்க்கும் குழந்தைகட்கும் அதுவே கடுங்குளிர். 1964ஆம் ஆண்டு டிசெம்பரில் பெரும் புயல் இக்கரையைத் தாக்கியபோது எம் தாயார் சிறுமி. காற்றைவிட, அடுத்து வந்த நாட்களில் மூட்ட நெருப்பின்றி நனைந்திருந்ததே அவருக்கு நினைவில் நிற்கின்றது. 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் வந்த இரவிலும் அதனையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பொழுதும் நாம் செவிசாய்க்கவில்லை. எரிவாயு அடுப்பு வந்ததும் பழைய விறகடுப்பை இடித்துவிட்டிருந்தோம். 2021இன் இறுதியில் எரிவாயுத் தட்டுப்பாடு தலைகாட்டிற்று. மார்கழியின் அடைமழை நாளொன்றில் எமது சிலிண்டர் தீர்ந்தது. கடைகளில் வேறு இல்லை. தாயாருக்கோ இழுப்பும் காய்ச்சலும். கற்களை அடுக்கி, அவசரமாக வாங்கிய பச்சை விறகை மூட்டினோம். புகை எழுந்ததேயன்றி நெருப்பு எழவில்லை; அப்புகை அவரை மேலும் வருத்திற்று. பட்டம் பெற்ற நாம் ஒரு குவளை வெந்நீருக்கு வழியின்றிக் கண்கலங்கி நின்றோம்.

புகையைக் கண்ட பக்கத்து வீட்டு அம்மையார், கடற்றொழிலாளி ஒருவரின் மனைவி, தலையிற் சாக்கைப் போர்த்துக்கொண்டு வந்தார். ஒரு கையில் மூடிய சட்டியில் தணல். மறு கையில் காய்ந்த ஊமலும் சிரட்டையும். சில நிமிடங்களில் நீர் கொதித்தது. "மாஸ்டர், அடுப்பைக் கோடையிலேயே பார்க்கவேணும்" என்றார் அவர். 2022இல் தட்டுப்பாடு முற்றியபோது அவ்வார்த்தையே எமக்குத் துணையாயிற்று.

அன்று முதல் எம் வீட்டிலும் ஆயத்தங்கள் உண்டு. ஆடியிலேயே விறகைப் பிளந்து, நிலத்திற் படாமற் கல்லின்மேல் அடுக்கி, காற்றுப் புக இடம் விட்டுக் கிடுகால் மூடுகின்றோம். ஈர விறகின் வெப்பம் அதிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே வீணாகின்றது. புகை மிகுவதும் அதனாலேதான். சிரட்டையும் பொச்சும் அடுப்பின் மேற்பரணில். தீப்பெட்டி மூடியிட்ட போத்தலில். புகைபோக்கியின் கரியைத் தட்டி, உடைந்த ஓடுகளை மாற்றி, பீலியில் அடைந்த சருகுகளை அள்ளிவிடுகின்றோம். இன்னொன்றும் சொல்லவேண்டும்: குளிர் காய்வதற்காகத் தணற்சட்டியைப் பூட்டிய அறையில் வைத்து உறங்கலாகாது. தமையனார் வீட்டுக் கருவி காத்து நிற்கும் அந்த மணமற்ற நச்சுவாயு, எமது தணலிலிருந்தும் எழுவதே.

அன்று மாலை வீடு திரும்பியதும் தாயார் நேரே விறகடுக்கைப் பார்க்கச் சென்றார். ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தார். காய்ந்த ஓசை கேட்டது. பக்கத்து வீட்டு அம்மையாரின் கணவர் இவ்வாண்டு நோயுற்றுக் கடலுக்குப் போகவில்லை. "வேலியோரத்து அடுக்கு அவைக்கு. மழைக்கு முன்னம் கொண்டுபோய்க் குடு" என்றார் தாயார்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவ்வேலையைத் தொடங்கினோம். தமையனாருக்குச் சொல்லவேண்டிய மறுமொழியும் அப்பொழுது கிடைத்துவிட்டது.