ரயில் போன வழியில் அப்பா

போன சனிக்கிழமை ஆபீஸ் மக்கள் எட்டு பேர் சியாட்டில்ல இருந்து அயர்ன் கோட் ட்ரெயில் போனோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவும் கூட. ரயில்வேயில் முப்பது வருஷம் கேங் வேலை பார்த்தவர், இப்போ முட்டி வலி. 'இவரால எல்லாருக்கும் லேட் ஆகுமே'ன்னு எனக்கு உள்ளுக்குள்ள எரிச்சல். பொய் சொல்வானேன்!

கிரேட் நார்தர்ன் ரயில்வே 1929-ல் கைவிட்ட தடம் அது. தண்டவாளம் கிடையாது, ரெண்டு பக்கமும் காடு. "ரயிலு ஏறுன மேடுப்பா, நூறடிக்கு ரெண்டடிதான் ஏறும்" என்று அப்பா முன்னாடி நடந்துகொண்டே இருந்தார். போட்டோ எடுத்த நாங்கள்தான் லேட்.

வெலிங்டனில், பனியில் பல நாள் மாட்டி நின்ற ரெண்டு ரயில்களை 1910 மார்ச் 1 நள்ளிரவு தாண்டி பனிச்சரிவு பள்ளத்தில் தள்ளிவிட்டது. 96 பேர் போய்விட்டார்கள். பாதிக்கு மேல் ரயில்வே ஆட்கள். பலகையில் இருந்ததை அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன். அதற்கப்புறம் கட்டிய கான்கிரீட் சுவரைத் தொட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"மழைக்காலத்துல நைட்டு லைன் பாக்கப் போனா, நான் திரும்புற வரைக்கும் உங்கம்மா தூங்கமாட்டா."

நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன், அத்தனை ராத்திரியும்.

திரும்பும்போது அப்பா மெதுவாகத்தான் நடந்தார். நானும்.