ஸ்டூல் போட்டு உட்கார்ந்த கதை

யாரோ வீட்டில் பஜ்ஜி கொடுக்கிறார்கள். உப்பே இல்லை. 'எப்படி இருக்கு?' என்று கேட்கிறார்கள். என்ன சொல்வீர்கள்? 'பிரமாதம்!' கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தச் சின்ன விஷயம் உறைக்க 2003-ம் வருஷம் வரை ஆயிற்று.

கும்பகோணத்தில் ஒரு மருந்துக் கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். கவுன்ட்டரில் ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மாள். பதினெட்டு வருஷ சர்வீஸ். கையால் பில் எழுதுவதில் புலி. ஒரு வாரம் கழித்து, "எப்படிம்மா இருக்கு?" என்றேன். "நல்லாயிருக்கு தம்பி" என்றார். நானும் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

மூன்றாவது மாசம் முதலாளி போன் பண்ணினார்.

"சார், கல்லாக் கணக்கு இடிக்குது."

"குறையுதா?"

"கூடுது சார்!"

கூடினால் சந்தோஷம்தானே என்றேன்.

"அதெப்படி? கம்ப்யூட்டர்ல இல்லாத பில்லுக்கு அந்தம்மா பணம் வாங்கியிருக்காங்க. எடுத்தது போக மிச்சம்தான் கல்லாவுல கிடக்கோ என்னமோ! ஒண்ணாந் தேதியோட நிறுத்திடலாம்னு இருக்கேன். நீங்க வந்து, கம்ப்யூட்டர் மேல தப்பில்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுங்க."

போனேன், சாட்சி சொல்ல.

அந்த அம்மாளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டேன். "நான் பேச மாட்டேம்மா. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க. மனசுல ஓடறதை மட்டும் வாய் விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க" என்றேன். புத்தகத்தில் படித்த முறைதான். அதுவரை செய்து பார்த்ததில்லை.

சும்மா இருப்பது சுலபமா என்ன? பிள்ளை கார் ஓட்டப் பழகும்போது பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கை மிதிக்கும் தகப்பன் மாதிரி, கால் தானாக நடுங்குகிறது. 'இடது பக்கம்மா, இடது பக்கம்!' நாக்கு நுனி வரை வந்துவிடும்.

சாயந்திரம் ஆறு மணி. கவுன்ட்டரில் நெரிசல். அம்மாள் முணுமுணுக்கிறார்: "சர்க்கரை மாத்திரை முப்பது... டேப்... டேப்... என்டர்... என்னமோ கேக்குது... என்டர்." திரை துடைத்து விட்டாற்போல் காலி! பில்லைக் காணோம். வந்தவரோ பஸ்ஸுக்கு அவசரப்படுகிறார். அம்மாள் சட்டென்று கையால் பில் எழுதிக் கொடுத்து, பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டார்.

எனக்கு வேர்த்துவிட்டது. 'சேவ்', 'கிளியர்' இரண்டு பட்டன்களையும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, ஒரே அளவில், ஒரே சாம்பல் நிறத்தில், பக்கத்துப் பக்கத்தில் வைத்தவன் நான்தான். டேப் ஒரு தட்டு தட்டினால் சேவ். இரண்டு தட்டினால் கிளியர். எதற்குப் போனாலும் 'ஆர் யூ ஷ்யூர்?' என்று ஒரே கேள்வி.

"என்ன கேக்குதுன்னு படிக்க மாட்டீங்களாம்மா?" விரதத்தை மறந்து கேட்டுவிட்டேன்.

"அது எல்லாத்துக்கும் கேக்கும் தம்பி. நாமளும் எல்லாத்துக்கும் சரின்னுடுவோம். எங்க வீட்டுக்காரர்கிட்டயும் அப்படித்தான்!"

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டு வீச்சு விமானங்களில் இதே கூத்து. பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, இறக்கை மடிப்புகளை உள்ளே இழுப்பதற்குப் பதில் சக்கரங்களை மடக்கிவிடுவார்கள் பைலட்டுகள். விமானம் வயிற்றால் தரையில் தேயும். அல்ஃபோன்ஸ் சாபானிஸ் என்ற மனோதத்துவக்காரர் காக்பிட்டைப் பார்த்தார். இரண்டு கைப்பிடிகளும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில்! ஒன்றின் முனையில் குட்டி ரப்பர் சக்கரமும், மற்றதில் ஆப்பு மாதிரி ஒரு துண்டும் பொருத்தினார். கை தொட்டவுடனே தெரிந்துவிடும். பைலட்டுகளைத் திட்டுவதை விட்டு காக்பிட்டைப் பார்த்தாரே, அந்தப் புத்தி எனக்கு ஏன் வரவில்லை?

இதற்காக ஊரையே கூட்ட வேண்டியதுமில்லை. ஐந்து பேர் பின்னால் உட்கார்ந்து பார்த்தாலே பெரும்பாலான ஓட்டைகள் தெரிந்துவிடும் என்கிறார் ஜேக்கப் நீல்சன். எனக்கு ஓர் அம்மாளே போதுமாயிருந்தது.

ராத்திரி கடை சாத்தின பிறகு உட்கார்ந்து திருத்தினேன். கிளியரைத் தள்ளி எதிர் மூலைக்குக் கொண்டுபோனேன். டேப் அந்தப் பக்கமே போகாது. சேவுக்குக் கேள்வி கிடையாது. தப்பாக அழித்தாலும் பில் திரும்பி வரும். முதலாளியிடம், "தப்பு என் மேல" என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

அப்போதுதான் அந்த அம்மாள் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தார். காணாமல் போன ஒவ்வொரு பில்லும் தேதி போட்டு, தொகை போட்டு! முதலாளி கூட்டிப் பார்த்தார். கல்லாவில் கூடியிருந்த தொகை, ரூபாய் பிசகாமல்.

"இதை முன்னாடியே காட்டியிருக்கலாமேம்மா?"

"காட்டினா, உனக்கு கம்ப்யூட்டர் வரலைன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாரே தம்பி! எனக்குத்தான் வரலைன்னு நானும் நினைச்சுட்டேன்."

முதலாளி எழுந்து போய் விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

"இனிமே இதை எழுத வேணாம்ல?" என்று நோட்டை மூடப் போனார் அம்மாள்.

"ஒரு மாசம் எழுதுங்கம்மா" என்றேன்.