முகஸ்துதி

தமிழ் முஸ்லிம்களிடம் 'முகஸ்துதி' என்ற சொல்லுக்கு வேறொரு அர்த்தம் உண்டு. மற்றவர்களுக்கு அது எதிரே நிற்பவனை இச்சகம் பேசிப் புகழ்வது. எங்களுக்கு, பிறர் பார்க்கவேண்டும் என்று தொழுவது, நோன்பு வைப்பது, தர்மம் செய்வது. அரபியில் ரியா. இந்தச் சொல்லை முதலில் பிடித்தவருக்கு மொழியும் தெரிந்திருக்கிறது, மனிதர்களையும் தெரிந்திருக்கிறது.

1985இல் ரமலான் மே மாதக் கடைசியில் வந்தது. சந்தவாசலில் அந்த மாதத்து வெயில் ஜவ்வாது மலைப் பாறைகளில் பட்டு இன்னொரு தடவை நம் மேல் விழும். படவேட்டுக்குப் பிரியும் சாலைக்குப் பக்கத்தில் அத்தாவின் மளிகைக் கடை. ஆடி வெள்ளிகளில் ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் கற்பூரமும் வெல்லமும் வாங்கினால்தான் அவருக்கு வருஷம் ஓடும். அவருக்குச் சர்க்கரை வியாதி. தீராத நோயாளிக்கு நோன்பு கடமையில்லை. ஈடாக ஏழை ஒருவருக்கு உணவளித்தால் போதும். ஆனால் சாயங்காலம் தொப்பியைப் போட்டுக்கொண்டு எல்லோருடனும் கஞ்சிக்கு உட்காருவார். ஒரு நாள் மத்தியானம், மூட்டைகளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றபடி பன்னைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். எனக்குப் பத்தொன்பது வயது. காம்யுவை அரைகுறையாகப் படித்திருந்தேன். முனாஃபிக், நயவஞ்சகன் என்று மனசுக்குள் சொன்னேன்.

நானோ தினமும் பதினொரு மணிக்கு, புத்தகம் இரவல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பஸ் ஏறிக் கண்ணமங்கலம் போய் ஓட்டலில் சாப்பிட்டுத் திரும்பினேன். வாயைக் கழுவி, உதட்டை வெயிலில் காயவிட்டுக்கொண்டு வருவேன். என்னுடையது சுதந்திரம், அவருடையது வேஷம் என்று எப்படித் தோன்றியதோ. விடியற்காலை மூன்றரைக்கு சஹருக்கு அவர்தான் எழுப்புவார். "எழுந்திரு தம்பி, நேரமாச்சு." அந்த நேரத்தில் விழிக்கவேண்டிய கட்டாயமே இல்லாத மனிதர், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பார்.

பல வருஷங்கள் கழித்து, வேறு ஏதோ பேச்சின் நடுவில் சொன்னார்: "கண்ணமங்கலம் ஓட்டல்காரரு நம்ம கடையிலதான் பருப்பு எடுப்பாரு." மேலே ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவருக்காக வக்காலத்து வாங்கவில்லை. நோன்பாளிகள் எதிரில் தின்னாமல் ஒளிந்துகொண்டது மரியாதை என்றால், கஞ்சி வரிசையில் உட்கார்ந்ததில் கொஞ்சம் ஊருக்காகவும் இருந்திருக்கும். எவ்வளவு என்று எனக்கு எப்படித் தெரியும்?

நம் பத்திரிகைகளில் 'நேர்மை' என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. அனுபவத்துக்கு நேர்மை, மொழிக்கு நேர்மை. நேர்மை என்பது தன்னைப்பற்றித் தானே கொடுத்துக்கொள்ளும் சான்றிதழ் என்பதுபோல. நபித்தோழர் ஹன்ழலா இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறார். நபிகள் முன்னிலையில் சொர்க்கமும் நரகமும் கண்ணெதிரே தெரிகின்றன, வீட்டுக்குப் போனால் மனைவி, பிள்ளை, நிலம் என்று எல்லாம் மறந்துபோகிறது, ஆகவே நான் நயவஞ்சகனாகிவிட்டேன் என்று அலறிக்கொண்டு தெருவில் போகிறார். எதிரே வந்த அபூபக்கர், எனக்கும் அப்படித்தான் என்கிறார். இரண்டு பேரும் நபிகளிடம் போகிறார்கள். எப்போதும் அதே நிலையில் இருந்தால் வானவர்கள் தெருவில் வந்து உங்கள் கையைக் குலுக்குவார்கள். ஆனால் அதற்கு ஒரு நேரம், இதற்கு ஒரு நேரம் என்ற கருத்தில் பதில் கிடைக்கிறது. உமர்கூட, நயவஞ்சகர்களின் பெயர்களை அறிந்திருந்த ஹுதைஃபாவிடம், என் பெயர் இருக்கிறதா என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

கஸ்ஸாலியின் கதை எழுதுகிறவனுக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. 1095இல் பக்தாதின் நிஜாமியாவில் அவரைவிடப் பெரிய ஆசிரியர் இல்லை. தான் போதிப்பது இறைவனுக்காக அல்ல, புகழுக்காக என்று கண்டதும் நாக்கு கட்டிக்கொண்டது. பாடம் சொல்ல முடியவில்லை, சோறு இறங்கவில்லை, வைத்தியர்கள் கைவிட்டார்கள். பதவியை விட்டுக் கிளம்பினார். எனக்குப் பிடித்தது இதற்கடுத்த விஷயம்: மனசில் சிரியாவை வைத்துக்கொண்டு, மக்காவுக்குப் போவதாக ஊரில் சொல்லிவிட்டுப் போனார். அவரே எழுதியிருக்கிறார். வேஷத்தைக் கலைக்கப் போனவரின் முதல் அடியே ஒரு பொய்.

2007இல் ஹெச்.ஜி. ரசூல் ஒரு கட்டுரைக்காகத் தக்கலையில் ஊர்விலக்கம் செய்யப்பட்டபோது சென்னையில் நண்பர்களிடம் ஆவேசமாகப் பேசினேன். அவர் அந்த ஊரிலேயே குடியிருந்துகொண்டு எழுதினார். நான் அடுத்த வாரம் சந்தவாசல் போய், வெள்ளிக்கிழமை முதல் வரிசையில் நின்றேன். அத்தாவுக்கு என் கட்டுரைகள் எதுவும் தெரியாது. தெரியாது என்றுதான் அப்போது நினைத்தேன். கண்ணமங்கலத்துக்குப் பிறகு இதிலும் நிச்சயமில்லை.

அவர் மௌத்தானபோது ஹஜ்ரத் என்னைப் பார்த்து, "மகன் இருக்கும்போது நான் எதுக்கு? நீங்களே தொழ வையுங்க" என்றார். ஜனாஸாத் தொழுகையில் குனிவதில்லை, தரையில் நெற்றி வைப்பதில்லை. நின்றபடியே நான்கு தக்பீர்கள். மறுத்திருக்கவேண்டும். எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் மறுப்பதென்றால் முப்பது பேருக்கு முன்னால், மையித்தின் பக்கத்தில், என்னைப்பற்றி ஒரு அறிவிப்பு செய்யவேண்டும். அந்த இடம் என்னுடையதாக இருக்கக்கூடாது என்று தோன்றியது. அல்லது பயம். முன்னால் போய் நின்றேன். மூன்றாவது தக்பீருக்குப் பிறகு இறந்தவருக்காகக் கேட்கும் துஆ. அதைச் சொன்னபோது மட்டும், யார் முன்னால் கேட்கிறேன் என்று தெரியாமலே, கேட்டேன்.

மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூன்று பேரைப்பற்றி ஒரு ஹதீஸ் உண்டு: போரில் இறந்தவன், கற்றுக் கற்பித்தவன், வாரிக் கொடுத்தவன். வீரன், அறிஞன், வள்ளல் என்று பேர் வாங்கத்தானே செய்தீர்கள், அந்தப் பேரைச் சொல்லியாகிவிட்டது என்று மூவரும் நரகத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். கூலி ஏற்கெனவே பட்டுவாடா ஆகிவிட்டது.

கபர்ஸ்தானில் மூன்று பிடி மண் போட வரிசையில் நின்றபோது, பின்னாலிருந்து தூரத்து உறவினர் ஒருவர் தோளைத் தொட்டார். "தக்பீர் கணீர்னு இருந்துச்சு தம்பி. அத்தா கேட்டிருந்தா பூரிச்சுப் போயிருப்பாரு" என்றார். முதல் பிடி போட்டேன். இரண்டாவது போட்டேன். மூன்றாவது பிடியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தத் தக்பீரைச் சொல்கிறார், முதலாவதா கடைசியா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.