எண்ணெய்க் கிண்ணமும் இறைச்சாயலும்

'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்பது நம் முன்னோர் வாக்கு. செக்கில் எண்ணெய் ஆட்டுகிறவனுக்குக் கொடுக்கும் சிறு காசு, நோய்க்குச் செலவாகும் பெருங்காசை மிச்சப்படுத்தும் என்பது இதன் பொருள். திருச்செந்தூரைச் சூழ்ந்துள்ள வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு போன்ற கடற்கரை ஊர்களில் இம்மூதுரை ஏட்டில் மட்டும் இருந்ததில்லை; அடுக்களையிலும் வாழ்ந்து வந்தது.

ஞாயிறன்று கடலுக்குச் செல்லாத வழக்கம் எங்கள் கரையில் உண்டு. ஆதலால் சனிக்கிழமை வலைக்கு மட்டுமன்றி உடலுக்கும் ஓய்வுநாளின் வாயிலாக அமைந்தது. தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலையும் வெந்தயமும் சின்ன வெங்காயமும் இட்டு, சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சுவார்கள். அந்த ஓசை அடங்கினால்தான் இலையிலுள்ள நீர் முற்றும் வற்றிற்று என்று பொருள். நீர் தங்கிய எண்ணெய் விரைவில் கெட்டுவிடும். மறுநாள் திருப்பலிக்குச் செல்ல வேண்டிய தலைகள் அனைத்தும், சிறியது பெரியது என்ற வேறுபாடின்றி, அந்தக் கிண்ணத்தின் முன்னே வரிசையாக அமர்ந்தன.

எங்கள் பகுதிக்குச் சீயக்காய் மிகவும் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. முருகன் கோயிலை அடுத்துள்ள நாழிக்கிணறு, கடலுக்கு வெகு அண்மையில் இருந்தும் நன்னீர் தருகிறது. ஆனால் கரையோரக் கிணறுகள் எல்லாமே அப்பேறு பெற்றவை அல்ல. உவர்ப்பும் கடினமும் மிக்க நீரில் சோப்பு நுரைக்காது. நீரிலுள்ள சுண்ணத்தோடு சேர்ந்து திரிந்து, முடியில் பிசுக்காகப் படியும். சீயக்காய்க்கு நுரை குறைவே எனினும் அவ்வாறு திரிவதில்லை. சோறு வடித்த கஞ்சியில் அதைக் கரைத்துத் தேய்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். இரவெல்லாம் ஊறிய வெந்தயத்தின் வழவழப்பும், செம்பருத்தி இலையின் தாளியும் முடியின்மேல் மென்படலமாகப் படிந்து சிக்கைக் குறைக்கின்றன. தேங்காய் எண்ணெயைப் பற்றி மும்பை ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு, அது முடியின் உள்ளே ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று காட்டியது. எங்கள் பாட்டிமார் அதைச் சோதனைச்சாலையில் அறியவில்லை; பேரப்பிள்ளைகளின் தலையில் கண்டறிந்தார்கள்.

மேனிக்கும் அடுக்களையே மருந்தகம். குழந்தைக்குப் பாசிப்பயற்று மாவு. கோடையில் வேர்க்குருவுக்கு நுங்கின் நீர். ஈர வலையை இழுத்து வெடித்த உள்ளங்கைக்குத் தேங்காய் எண்ணெய். எனினும், வீட்டில் செய்தது என்பதனாலேயே எல்லாம் நன்மை பயக்கும் என்று எண்ணலாகாது. எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் வெந்து கொப்புளிக்கும். அதன் கருந்தழும்பு மறையப் பல வாரங்கள் ஆகும். பொடுகு மிகுந்த தலையில் எண்ணெய் நெடுநேரம் ஊறினால் அது பொடுகை வளர்க்கவும் கூடும்.

எண்ணெய் தேய்க்கும் கை ஒரு சாதாரணக் கை அன்று. நோயுற்றவரை எண்ணெய் பூசி மன்றாடுமாறு யாக்கோபு தம் திருமுகத்தில் பணிக்கிறார். நோன்பு இருக்கும்போதுகூடத் தலைக்கு எண்ணெய் தடவி முகம் கழுவுமாறு ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்தார். நெடுங்காலம் நோயிற்பூசுதலுக்கு ஒலிவ எண்ணெயே வேண்டும் என்றிருந்த நிலையில், 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல், ஒலிவம் கிடைத்தற்கரிய நாடுகளில் தாவரத்திலிருந்து பெறும் வேறு எண்ணெயையும் பயன்படுத்தலாம் என அறிவித்தார். அருளின் அடையாளமாகும் பேறு நம் தென்னைக்கும் அன்று வாய்த்தது.

ஆனால் இதே கிண்ணம் சில வேளைகளில் கண்ணீரும் ஏந்துகிறது. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணைப் பார்க்க வந்தவர்கள், பலகாரம் உண்டு, பண்போடு பேசிவிட்டு, பெண் சற்று நிறம் குறைவு என்று மூன்றாம் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்கள். அன்று முதல் கடலைமாவும் தயிரும் கஸ்தூரி மஞ்சளும் அவள் முகத்தில் நாள்தோறும் காய்ந்தன. சனிக்கிழமை தலை தேய்த்த அதே கைகளே அவற்றையும் பூசின. பூசிய பொருளில் குற்றமில்லை. உன்னிடம் ஒரு குறை உண்டு என்று ஒவ்வொரு நாளும் அந்தப் பூச்சு அவளிடம் சொல்லிக்கொண்டிருந்ததே, அதுதான் எங்களை வருத்தியது.

இக்குறையை விற்றுப் பிழைத்த வணிகமும் சிறிதன்று. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு, சிவப்பழகு என்ற சொல்லை நம் வீடுகளில் நிலைநிறுத்தியது. 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை நீக்கி 'க்ளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. பெயர் மாறிவிட்டது, பெண் பார்க்க வருபவர்களின் கண்கள் இன்னும் மாறவில்லை. நிறம் கூட்டும் எண்ணத்தில் ஸ்டீராய்டு களிம்புகளைப் பூசித் தோல் மெலிந்தவர்கள் பலர். அவற்றுள் 14 வகைகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என நடுவண் அரசு 2018இல் தடுக்க வேண்டியதாயிற்று.

விவிலியத்தில் அழகைப் பாடும் நூல் இனிமைமிகு பாடல். அதன் தலைவி வெயிலில் கறுத்தவள். உடன்பிறந்தோர் ஏவ, திராட்சைத் தோட்டம் காத்ததால் கறுத்தவள். அக்கறுப்போடுதான் அவள் தன்னை அழகி என்கிறாள். உப்பளத்தில் பாத்தி மிதிப்பவளும், மீன்கூடை சுமந்து உச்சிவெயிலில் நடப்பவளும் அவள் தங்கையர் அல்லரோ! நம் கடலின் வெண்முத்தை உலக அரசிகள் அணிந்தார்கள். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடைபெற்ற 1961 வரை, அம்முத்தை ஆழத்திலிருந்து எடுத்து வந்தவை கரிய கைகளே.

எஸ்தர் அரசன் முன் செல்வதற்கு முன்பு பன்னிரு திங்கள் நறுமணத் தைலங்களால் அணி செய்யப்பட்டாள். ஓர் ஆண்மகனின் கண் தேர்ந்தெடுப்பதற்காகச் செய்யப்பட்ட ஒப்பனை அது. பெத்தானியா மரியாவோ முந்நூறு தெனாரியம் பெறுமான தைலத்தைத் தானே ஆண்டவரின் பாதங்களில் பூசித் தன் கூந்தலால் துடைத்தாள். வீடு முழுவதும் அம்மணத்தால் நிறைந்தது. முன்னதில் தைலம் ஒரு தேர்வுக்கான ஆயத்தம். பின்னதில் அது அன்பின் மொழி.

நம் இல்லங்களில் எண்ணெய்க் கிண்ணம் எடுக்கும்போதெல்லாம் இவ்விரண்டில் எதைச் செய்கிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நலம். பிள்ளையின் தலையில் எண்ணெய் வைப்போம். வெடித்த பாதத்திற்கு மருந்து பூசுவோம். பாசிப்பயறும் வெந்தயமும் அரைப்போம். ஆனால் அவளது நிறத்தை மாற்றவேண்டிய குறையாக ஒருபோதும் பேசாதிருப்போம். இறைவன் தம் சாயலாகப் படைத்த முகத்திற்குப் பராமரிப்பு வேண்டும், மன்னிப்பு வேண்டியதில்லை.