நண்டு விருந்தும் நான்கு துண்டு மீனும்

ஊத்துக்குளியில் பிறந்தவனுக்குக் கடல் என்பது பூகோளப் புத்தகத்தில் நீல வண்ணம் பூசிய இடம், அவ்வளவே. ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் இடையில் இரயில் நின்று போகும் சிற்றூர் எங்களுடையது. எருமையும் வெண்ணெயும் எங்கள் அடையாளம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து, பின்னலாடை நிறுவனமொன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற நான், 2024 சனவரியில் கொழும்பு நகரத்துக்குப் போய், உலகம் முழுவதும் பேசப்படும் ஒரு கடலுணவு மாளிகையில் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு நண்டு உடைத்தேன் என்றால், வாசகர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். என் மனைவியும் சிரித்தாள். அன்றிரவு அவள் சிரித்ததோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை எனக்கு வந்திராது.

எங்கள் மகன் இலங்கையில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வாளன். சம்பளம் உயர்ந்த மகிழ்ச்சியில் எங்களை அழைத்திருந்தான். திருச்சியிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரப் பயணம். இரண்டாம் நாள் மாலை, "அம்மாவுக்கு நல்ல நண்டு வாங்கித் தரணும் அப்பா" என்று கோட்டைப் பகுதிக்கு அழைத்துப் போனான்.

அந்தக் கட்டடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒல்லாந்தர் மருத்துவமனை என்பது அதன் பழைய பெயர். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி, கப்பலில் வந்து நோயில் விழுந்த தன் ஊழியர்களுக்காகத் துறைமுகத்தின் அருகில் கட்டியது. தடித்த சுவர்கள், தேக்கு உத்தரங்கள், ஓட்டுக்கூரை, நடுவே திறந்த முற்றங்கள். பிற்காலத்தில் காவல் நிலையமாகவும் இருந்தது. 1996 சனவரி 31 அன்று மத்திய வங்கியின் வாசலில் குண்டு வெடித்து 90 பேருக்கு மேல் மாண்டபோது இந்தக் கட்டடமும் சேதமுற்றது. பின்பு செப்பனிட்டு 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தார்கள். முற்றத்தில் நடக்கும்போது, நோயாளிகள் படுத்திருந்த திண்ணைகளில் இப்போது மேசைகள் கிடப்பதைப் பார்த்தேன். மருத்துவமனை என்பதற்கும் விருந்தோம்பல் என்பதற்கும் இலத்தீனில் வேர்ச்சொல் ஒன்றே என்று எங்கள் பழைய பங்குக்குரு ஒருமுறை மறையுரையில் சொன்னது நினைவுக்கு வந்தது. அன்று அதைத் தூக்கக் கலக்கத்தில் கேட்டிருந்தேன்.

உணவகத்தின் பெயர் மினிஸ்ட்ரி ஆஃப் கிராப். நண்டு அமைச்சகம் என்று நாம் சொல்லலாம். அதுவும் 2011 டிசம்பரில் தொடங்கியதுதான். சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாசவும், கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார இருவரும் சேர்ந்து தொடங்கினார்கள். முனிதாசவின் தந்தை சிங்களவர், தாய் ஜப்பானியர். பொருள் புதிதாக இருந்தால் பாதிச் சமையல் முடிந்துவிட்டது என்னும் ஜப்பானியர் எண்ணத்தை அவர் இலங்கை நண்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லலாம். உறைபெட்டியே வைத்துக்கொள்வதில்லை என்பதை அந்த இல்லம் பெருமையாகச் சொல்கிறது. அன்றன்று வந்த நண்டு, அன்றன்று அடுப்புக்கு. அரைக் கிலோவில் தொடங்கி இரண்டு கிலோ வரை எடைக்கேற்பப் பெயரும் விலையும். மிகப் பெரியதற்குக் கிராப்ஸில்லா என்று பெயர். விலையைப் பார்த்தவுடன் என் கணக்கெழுதும் கை தானாக நடுங்கியது. வருங்கால வைப்பு நிதி அலுவலகம் எனக்கு மாதந்தோறும் அனுப்பும் ஓய்வூதியத்தைச் சில மாதம் சேர்த்து வைத்தால்தான் ஒரு நண்டு. மகன் பட்டியலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

இந்த உணவகம் பிறந்த கதையில்தான் எனக்கு மனம் ஒட்டியது. இலங்கையின் களப்புகளிலும் அலையாத்திக் காடுகளிலும் வளரும் சேற்று நண்டு, சதைப்பற்றுக்கும் இனிப்புக்கும் பேர்போனது. ஆனால் அதில் முதல்தரமானது முழுவதும் நெடுங்காலமாக உயிரோடு கட்டிச் சிங்கப்பூருக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. அங்கே உணவகங்களில் "இலங்கை நண்டு" என்று பெயர் சொல்லியே விற்பார்கள். விளைந்த நாட்டில் அகப்பட்டது மிச்சம்தான். அந்த முதல்தர நண்டைச் சொந்த மண்ணிலேயே பரிமாற வேண்டும் என்பதுதான் தொடக்கத்து எண்ணம்.

இதைச் சொன்னதும் என் மனைவி, "எங்க ஊர்லயும் அதே கதைதான்" என்றாள். அவள் புன்னைக்காயல்காரி. தாமிரபரணி கடலில் விழும் இடம். அங்கும் அலையாத்திக் காடு உண்டு, சேற்று நண்டு உண்டு. கொடுக்கு முழுதாக உள்ள கனத்த நண்டுகளைக் கயிற்றால் கட்டிக் கூடையில் வைத்து வியாபாரியிடம் கொடுத்துவிடுவார்களாம். கொடுக்கு ஒடிந்ததும், தோடு கழற்றிச் சதை வற்றியதும் வீட்டுக்கு. எனக்கு உடனே காதர்பேட்டை நினைவு வந்தது. திருப்பூரில் நாங்கள் தைத்த நல்ல பனியன் எல்லாம் கப்பலேறும்; தையல் பிசகியதும் சாயம் திட்டானதும் காதர்பேட்டைக் கடைகளுக்கு வரும்; அதைத்தான் என் மகன் கல்லூரி வரை உடுத்தினான். என் தாயாரும் அப்படித்தான். சுற்றுக் கிராமங்களில் வெண்ணெய் வாங்கி உருக்கி விற்றவர். புறங்கையில் சிறிது தேய்த்து முகர்ந்தே எத்தனை நாள் வெண்ணெய் என்று சொல்லிவிடுவார். முருங்கை இலை போட்டு நெய் இறக்கும் மணம் தெருமுனை வரை வரும். நெய் வெளியூருக்கு, எங்களுக்கு மோர்.

பரிமாற வந்த இளைஞன் நன்றாகத் தமிழ் பேசினான். நீர்கொழும்புப் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளையாம். உயிருள்ள நண்டைத் தட்டில் கொண்டுவந்து காட்டினான். என் மனைவி சற்றும் கூசாமல் அதைத் திருப்பி, வயிற்றோட்டை விரலால் அழுத்தினாள். அழுந்தவில்லை. "நிலாக் காலம் கழிஞ்ச நண்டு. சதை கட்டியிருக்கு" என்றாள். வளர்பிறையில் நண்டுக்குச் சதை இராது என்பது கரையோரத்து நம்பிக்கை. இளைஞன் சிரித்து, "எங்க அம்மாவும் இப்படித்தான் பார்ப்பாங்க" என்றான். பிறகு எங்கள் கழுத்தில் துணியைக் கட்டினான். என் மனைவிக்குக் கட்டும்போது அவள் கூந்தல் முடிச்சில் சிக்காதபடி மெதுவாகக் கட்டினான். அந்தச் சிறிய கவனத்தை நான் குறித்துக்கொண்டேன்.

மிளகு நண்டு வந்தது. கூடவே தடித்த பாண் துண்டுகள். சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு தொடங்கினோம். சுவையைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தகுதியில்லை. மிளகின் காரத்துக்கு அடியில் நண்டின் இனிப்பு தனியே நின்றது என்பதை மட்டும் சொல்வேன். மசாலா நிறைந்தால் மீன் மறைந்துவிடும் என்று என் மனைவி சமையலறையில் அடிக்கடி கடிந்துகொள்வதன் பொருள் அன்று விளங்கியது.

வழக்கம்போல் அவள் பெரிய கொடுக்கை உடைத்து, சதையை மகன் தட்டில் வைத்தாள். மற்றொன்றை என் தட்டில் வைத்தாள். தான் கால்களை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் முப்பது வருடமாக நடப்பது இது. நான் கவனித்ததும் இல்லை. அந்த இளைஞன் கவனித்தான். பாண் வைக்க வந்தவன், குனிந்து, "அம்மா, கொடுக்கு உங்களுக்கு. நீங்கதானே நண்டைத் தெரிஞ்சு எடுத்தது?" என்று சொன்னான். மகன் வெட்கத்துடன் தன் தட்டிலிருந்த சதையை அவள் தட்டுக்கு மாற்றினான். அவள் அதைப் பார்த்தபடியே சிறிது நேரம் இருந்தாள். பின்பு சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, கைகழுவும் கிண்ணத்தில் விரலை நனைத்துக்கொண்டே, "இப்படி எல்லாத்தையும் என் தட்டுலயே வச்சது அத்தைதான். அதுக்கப்புறம் இன்னைக்குத்தான்" என்றாள்.

அத்தை என்றது என் தாயாரை. இந்த உணவகம் தொடங்கிய அதே 2011இல் இறந்துபோனவர்.

எங்களுக்குத் திருமணமானது 1994இல். மணமாகி வந்த மூன்றாம் வாரம், கடற்கரைப் பெண் மோர்ச்சோற்றில் வாடுகிறாளே என்று என் தாயார் தாமே இரயிலேறித் திருப்பூர்ச் சந்தைக்குப் போய் வஞ்சிரம் வாங்கிவந்தார். மருமகளின் ஊரில் அதற்குச் சீலா என்று பெயர். நெய் விற்ற காசு. அந்நாளில் எங்கள் வீட்டில் அது பெருஞ்செலவு. நான் நிறுவனத்தில் இருந்தேன். நடுத்துண்டு நான்கு. இரண்டை இரவில் எனக்கென்று ஒதுக்கி, இரண்டை மருமகளுக்கு இட்டு, தலையையும் வாலையும் தனக்கு மறுநாளைக்கென்று சட்டியில் வைத்தார். "சூடா இருக்கும்போதே சாப்பிடு கண்ணு" என்று எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"முதல் வாய்லயே நாக்குல மிளகு கடிச்ச மாதிரி சுருக்குன்னு இருந்துச்சு" என்றாள் என் மனைவி. அது மிளகல்ல என்று அவளுக்குத் தெரியும். சீலா, சூரை, அயிலை முதலிய மீன்கள் பிடிபட்டபின் பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் கிடந்தால், கிருமிகளால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் சேர்கிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. நாற்றம் எழுமுன்பே நஞ்சு சேர்ந்திருக்கவும் கூடும். இந்த விளக்கமெல்லாம் நான் பிற்பாடு அறிந்தது. அவளுக்கு அன்றே நாக்கு சொல்லிவிட்டது.

"அப்ப ஏன் சாப்பிட்டே?" என்றான் மகன்.

"எதிர்ல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்கடா. கையில காப்பு இல்ல அன்னைக்கு."

அதை நான் அறிந்திருக்கவில்லை. அம்மாவின் கைக்காப்பு அடகில் இருந்தது திருமணச் செலவுக்கு என்றே எண்ணியிருந்தேன்.

இரண்டு துண்டையும் தின்று, "இன்னும் இருக்கா அத்தை?" என்று கேட்டாளாம். அம்மா மகிழ்ந்துபோய், "அவனுக்கு வேற பண்ணிக்கலாம்" என்று சொல்லி, எனக்கு வைத்த இரண்டையும் இட்டுவிட்டார். நான் இரவில் தின்றுவிடக்கூடாது என்பதற்காக அவள் கேட்டாள். நான்கு துண்டும் அவள் வயிற்றுக்குப் போயின. மாலையில் நான் வந்தபோது முகம் சிவந்து, உடலெங்கும் தடிப்பு. மருத்துவர் ஊசி போட்டு, மீன் ஒவ்வாமையாக இருக்கும் என்றார். புன்னைக்காயல் பெண்ணுக்கு மீன் ஒவ்வாதாம்! அந்த வேடிக்கையை நண்பர்களிடம் எத்தனை ஆண்டு சொல்லிச் சிரித்திருப்பேன்!

"அம்மாவிடம் சொல்லவே இல்லையா?" என்றேன். தலையை ஆட்டினாள். அதன்பின் என் தாயார் வீட்டுக்கு மீன் வாங்கவே இல்லை. மாறாக, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மருமகள் கையில் பயணச் செலவைத் திணித்து, "போய் உங்கம்மா கையால மீன் சாப்பிட்டு வா" என்று அனுப்புவார். நோய்க்குப் பயந்த மாமியார் என்று நான் நினைத்திருந்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த மறுநாள் விடியற்காலை நினைவுக்கு வந்தது. அம்மா மண்வெட்டியுடன் முருங்கை மரத்தடியில் நின்றிருந்தார். பக்கத்தில் மீன்சட்டி. என்னவென்று கேட்டதற்கு, "மரத்துக்கு எரு வைக்கறேன்" என்றார். தலையும் வாலும் அப்படியே சட்டியோடு புதைந்தன. மண்சட்டிதான், ஆனால் புதுச்சட்டி. புறங்கையில் தேய்த்து வெண்ணெயின் வயது சொன்னவர் அன்று அந்தச் சட்டியை முகர்ந்து பார்த்திருக்க வேண்டும். முப்பது ஆண்டுக்குப் பிறகு, ஒல்லாந்தர் கட்டிய தேக்கு உத்தரத்தின் கீழ் உட்கார்ந்துதான் அதை என்னால் கூட்டிப் பார்க்க முடிந்தது. கணக்கெழுதியவன் என்று பெயர்!

"அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது" என்றேன் மனைவியிடம். சட்டியைப் புதைத்ததைச் சொன்னேன்.

இளைஞன் ஓடுகளை எடுத்துப் போக வந்தான். அவள் கழுத்துத் துணியை அவிழ்த்து, நான்காக மடித்து, மேசைமேல் வைத்தாள்.

"நான் சன்னல் வழியா பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள்.