நடுவரும் பயிற்றுநரும்

திருநீர்மலையை அடுத்த பல்லாவரம், தாம்பரம் பகுதிகளில் நடைபெறும் கூடைப்பந்துப் போட்டிகளுக்கு மாணவர்களை அழைத்துச் செல்வது என் ஆசிரியப் பணியில் பல்லாண்டு வழக்கம். தமிழாசிரியருக்கு அங்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. மனிதரின் சொல்லையும் சினத்தையும் அருகிருந்து காண அதனினும் நல்ல இடம் வேறில்லை என்பதே என் விடை.

கூடைப்பந்து, நடுவரோடு பிறந்த விளையாட்டு. 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இதனை உருவாக்கினார். அவர் வகுத்த பதின்மூன்று விதிகளிலேயே ஆட்டக்காரரைக் கண்காணிக்க ஒருவரும் பந்தைக் கண்காணிக்க ஒருவரும் இடம்பெற்றனர். நம் சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியும், இந்த ஆட்டத்தை வளர்த்த அதே இயக்கத்தின் கிளையே.

தீர்ப்பில் ஐயம் எழுந்தால் கேட்கக் கூடாதா? கேட்கலாம். ஆட்டக் கடிகாரம் நின்றிருக்கும்போது, அணித்தலைவர் பணிவுடன் நடுவரிடம் விளக்கம் கேட்பதற்கு விதி இடமளிக்கிறது. பயிற்றுநர் எல்லை மீறினால் ‘டெக்னிக்கல் ஃபவுல்’ விதிக்கப்படும். எதிரணிக்கு ஒரு ‘ஃப்ரீ த்ரோ’ கிடைக்கும். தம் நடத்தைக்காக இருமுறை அவ்வாறு தண்டிக்கப்பட்டவர் ஆடுகளத்தை விட்டு வெளியேற வேண்டும்.

1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதிப் போட்டியை எண்ணிப் பாருங்கள். தாங்கள் கேட்ட ‘டைம் அவுட்’ தரப்படவில்லை எனச் சோவியத் பயிற்றுநர்கள் முறையிட்டனர். குழப்பத்தினிடையே கடைசி மூன்று நொடிகள் மும்முறை ஆடப்பட்டன. சோவியத் அணி 51–50 என வென்றது. பிரேசில் நாட்டு நடுவர் ரெனாட்டோ ரிகெட்டோ புள்ளித்தாளில் கையொப்பமிட மறுத்தார். அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை ஏற்கவில்லை. ஆடுவோர்க்கும் தீர்ப்போர்க்கும் இடையே நம்பிக்கை முறிந்தால் வெற்றியும் கசக்கும் என்பதற்கு இதுவே சான்று.

நம் பள்ளி மைதானங்களிலும் இதன் சிறு வடிவத்தைக் கண்டிருக்கிறேன். பயிற்றுநர் கையை வீசிக் கூச்சலிட்டால், அடுத்த நொடியே அவருடைய மாணவர்களும் நடுவரை முறைக்கின்றனர். கவனம் சிதறுகிறது, பந்து கைநழுவுகிறது. மாறாக, “ஐயா, என்ன தவறு?” என்று அணித்தலைவன் கேட்க, “கையில் அடித்துவிட்டாய், தம்பி” என நடுவர் ஒரே வரியில் சொல்ல, பயிற்றுநர் தலையசைத்து அமர்ந்த ஆட்டங்களும் உண்டு. அங்கே தீர்ப்பு மாறவில்லை. ஆயினும் மனங்கள் தெளிந்தன. ஆகவே, மதிப்பு ஒருவழிப் பாதையன்று. விசில் கையில் இருப்பதால் நடுவர் செருக்குறலாகாது, கேட்பவரை இகழலாகாது. ஓடும் ஆட்டத்தில் இமைப்பொழுதில் முடிவெடுப்பவரின் அருமையைப் பயிற்றுநரும் உணர வேண்டும்.

நடுவர் என்னும் சொல்லும் நடுவு நிலைமை என்னும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. திருக்குறளில் நடுவு நிலைமையை அடுத்த அதிகாரம் அடக்கமுடைமை. நடுவரும் பயிற்றுநரும் இவ்விரண்டு அதிகாரங்களையும் சேர்த்தே கற்க வேண்டும். மாணவர்களே, நாளை அலுவலகத்திலும் மன்றத்திலும் உங்களுக்கு உடன்பாடில்லாத தீர்ப்புகளைச் சந்திப்பீர்கள். உரிமையை விடாமலும் மரியாதையை இழக்காமலும் கேள்வி எழுப்பும் பழக்கத்தை ஆடுகளத்திலேயே பழகிக்கொள்ளுங்கள்.