மாலைச் சம்பளம்

பேத்திக்கு உதவி மருத்துவர் வேலை கிடைத்து, ஊர் தேர்ந்தெடுக்கும் கலந்தாய்வுக்குப் போக வேண்டியிருந்தது. காலிப் பணியிடப் பட்டியலைக் கைபேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்தவள், “தாத்தா, நீங்கதான் டாக்டர்களுக்கே சம்பளப் பில் போட்டவராச்சே. எந்த ஊர் எடுத்தா நல்லது, சொல்லுங்க” என்றாள்.

சுகாதாரத் துறை அலுவலகத்தில் எழுத்தராக நுழைந்து, 31 வருஷம் கழித்துக் கண்காணிப்பாளராக வெளியே வந்தவன் நான். எனக்கு ஊசி போடத் தெரியாது. ஊசி போட்டவர்களுக்கு எந்த ஊரில் எவ்வளவு கிடைத்தது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் அரசாணை படிக்கும் பழக்கம் விடவில்லை. வீட்டில் கேலி செய்வார்கள்.

பில்லை மட்டும் பார்த்தால் ஊருக்கு ஊர் பெரிய வித்தியாசம் தெரியாது. 2017 ஊதியத் திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் உதவி மருத்துவரின் தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். பட்டணமானாலும் பட்டிக்காடானாலும் அதுதான். அகவிலைப்படியும் எல்லாருக்கும் ஒன்றே. ஊர் தலைகாட்டுவது வீட்டு வாடகைப்படியிலும் நகர ஈட்டுப்படியிலும்தான். மத்திய அரசுக் கணக்கில் இது பளிச்சென்று தெரியும். 2017இல் அவர்கள் சென்னை போன்ற பெருநகரங்களுக்கு அடிப்படை ஊதியத்தில் 24 விழுக்காடு, மதுரை, கோவை மாதிரி ஊர்களுக்கு 16, மற்றவற்றுக்கெல்லாம் 8 என்று வாடகைப்படி வைத்தார்கள். நம் மாநிலத்தில் விழுக்காடாக இல்லாமல் தொகையாகத் தருகிறார்கள். ஆனாலும் பட்டணத்துக்கு உச்சம், ஊர் சிறுக்கச் சிறுக்கப் படியும் சிறுக்கும். மலையில் வேலை பார்ப்பவர்களுக்கு மலைப்படி, ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குக் குளிர்காலப்படி என்று கொசுறும் உண்டு.

வாடகை கூடுதலான ஊருக்குக் கூடுதல் படி என்பது நியாயம்தானே என்று நானும் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கலைத்தவர் ஒரு மலைக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர். 1990 வாக்கில் ஒரு மாதக் கடைசியில் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து விரித்தார். மாத்திரை எழுதிக் கொடுக்கும் சீட்டுதான். அதன் பின்பக்கத்தில் வீட்டுக் கணக்கு. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் படிப்புக்காகச் சேலத்தில் வாடகை வீட்டில். இவர் மேலே, மழைக்கு ஒழுகும் குவார்ட்டர்ஸில். சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்தால் ராத்திரி வீடு போய்ச் சேரலாம்; பஸ்ஸை விட்டால் அந்த வாரம் பிள்ளைகள் முகம் கிடையாது. “ரெண்டு அடுப்பு எரியுது சார். படி ஒரு அடுப்புக்குக்கூடக் காணல” என்றார். நான் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “இடமில்லை டாக்டர்” என்றேன். புத்தகத்தில் இல்லைதான். ஆனாலும், புரட்டிய வேகத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

வாடகைப்படியாவது கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம். பெரிய வித்தியாசம் பில்லிலேயே வராது. தமிழ்நாட்டில் அரசு டாக்டர் பணி நேரம் போக மற்ற நேரத்தில் சொந்தமாகப் பிராக்டீஸ் செய்யலாம். அந்த மலை டாக்டரோடு ஒரே வருஷம் பணியில் சேர்ந்த இன்னொருவர் தாலுகா ஜி.எச்.சில் இருந்தார். இருவருக்கும் ஒரே சம்பளம், பட்டியலில் அடுத்தடுத்த வரி. இவர் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைவீதியில் கிளினிக்கைத் திறப்பார். பத்து மணிக்கும் பெஞ்சில் ஆள் இருக்கும். மலையிலும் சாயங்காலம் நோயாளிகள் வருவார்கள். வந்தவர் கையில் பலாப்பழம் இருக்கலாம், ஃபீஸ் இருக்காது. பேத்தியிடம் இதைத்தான் சொன்னேன்: “காலைச் சம்பளத்தைத்தாம்மா அரசாங்கம் தருது. சாயங்காலச் சம்பளத்தை ஊர்தான் தருது.”

மத்திய அரசு டாக்டர்களுக்குச் சொந்தப் பிராக்டீஸ் கூடாது. அதற்கு ஈடாக அடிப்படை ஊதியத்தில் 20 விழுக்காடு தருகிறார்கள். எந்த ஊரானாலும் சாயங்காலத்துக்கு ஒரே விலை. எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும். நம் டாக்டர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

பட்டணம் என்றாலே பணம் என்றும் சொல்லிவிட முடியாது. என் தங்கை பேரன் எம்.பி.பி.எஸ். முடித்துச் சென்னையில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் டியூட்டி டாக்டராக இருந்தான். அங்கே ஒரு நாற்காலிக்கு ஒன்பது பேர் காத்திருப்பதால் சம்பளம் ஏறவே இல்லை. சின்ன ஊர் ஆஸ்பத்திரி ஒன்று ஒன்றரை மடங்கு சம்பளமும் தங்க இடமும் தருவதாகக் கூப்பிட்டது. போகவில்லை. மேல்படிப்புக்குப் படிக்க வேண்டும், கோச்சிங் இங்கேதான் இருக்கிறது என்றான். பட்டணம் அவன் சம்பளத்தைப் பிடித்தம் செய்துகொண்டு ஆசையைக் கொடுத்தது.

அந்த ஆசையைத்தான் அரசாங்கமும் பிடித்துக்கொண்டது. எட்டாத, கடினமான பகுதிகளில் பணி செய்தால் வருஷத்துக்கு 10 விழுக்காடு வீதம், 30 வரைக்கும் முதுநிலை நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் ஊக்கமாகச் சேர்க்க விதி வந்தது. அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு முதுநிலை இடங்களில் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. வழக்குக்குப் போனவர்கள் நம் தமிழ்நாட்டு மருத்துவ அலுவலர்கள். ஆக, மலை டாக்டரின் கூலி இப்போது ரூபாயில் வருவதில்லை, மார்க்கில் வருகிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஒரே சிக்கல், மார்க் சேர்ந்ததும் டாக்டர் இறங்கிவிடுவார்.

சத்தீஸ்கரில் ஊர்களைச் சாதாரணம், கடினம், மிகக் கடினம் என்று பிரித்து, கடினத்துக்குத் தக்கபடி பணமாகவே கூட்டிக் கொடுத்தார்கள். வேறு சில மாநிலங்கள் சிறப்பு மருத்துவர்களிடம் “உங்களுக்கு எவ்வளவு வேண்டும், நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்டு வேலைக்கு எடுத்தன. நான் போட்ட பில்களில் இப்படி ஒரு வரி வந்ததே இல்லை. வந்திருந்தால் தணிக்கைக்காரர் மயங்கி விழுந்திருப்பார்.

பணத்துக்கு மசியாமல் மேலே போனவர்களும் இருக்கிறார்கள். தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கியில் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993இல் ஒரு குடிசையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே நர்ஸ் வேலைக்குப் பழக்கினார்கள். அவர்களை நான் கும்பிடுவேன். ஆனால் அவர்களைக் காட்டி மற்ற டாக்டர்களை வெட்கப்படச் சொல்லமாட்டேன். இரண்டு அடுப்புக் கணக்கு எழுதியவரும் ஒன்பது வருஷம் மேலேதான் இருந்தார்.

பேத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் மலையைத்தான் எடுத்தாள். மார்க்குக்காகத்தான், மறைக்கவில்லை. போன மாதம் போன் செய்தாள். குவார்ட்டர்ஸ் ஒழுகவில்லையாம், மாடிப்படியில் நின்றால் டவர் கிடைக்கிறதாம். அப்புறம் குரல் மாறியது: “தாத்தா, முதல் மாசச் சம்பளத்துல மலைப்படியே வரலை. யார்கிட்ட கேக்கணும்?”

“பில் கிளார்க்கிட்ட கேளும்மா. எழுதிக் கொடுத்துட்டு வா, வாயால சொல்லாதே” என்றேன். “அவர் புத்தகத்தைப் புரட்டினா, புரட்டி முடிக்கிற வரைக்கும் எழுந்திரிக்காதே.”